சாம்பல் நிற ஓஸும் பச்சைப் பிசினும்: ஒரு பழைய ஜெட் ஸ்கியின் பெட்ரோல் பாதையைச் சரிசெய்த கதை

போன ஞாயிறு காலை ஆறரை மணிக்கு ஜெட் ஸ்கியைக் கழிமுகத்தில் இறக்கினோம். மூன்று மாதமாகக் கொட்டகையில் கிடந்த வண்டி. சோக் இழுத்துப் பட்டனை அழுத்தினேன், இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. ஐந்து நிமிடம் மெதுவாக ஓட்டிவிட்டு முழு திராட்டில் (வேகம் கூட்டும் விசை) கொடுத்தேன். எங்கும் இழுக்கவில்லை, திணறவில்லை. கரைக்கு வந்து சீட்டைத் தூக்கி, பெட்ரோல் வடிகட்டியின் கிண்ணத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் தண்ணீர் இல்லை, பச்சை இல்லை, கறுப்புத் தூள் இல்லை. இந்த ஒரு காட்சிக்காக இரண்டு வருடமும் ஒரு எஞ்சினும் போயின. அதனால் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

நான் சென்னையை அடுத்த கோவளம் பக்கம் ஃபைபர் படகுகளின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் வேலை பார்ப்பவன். இந்த ஜெட் ஸ்கியை 2024 ஜனவரியில் நானும் மச்சானும் சேர்ந்து வாங்கினோம். 1990களின் இரண்டாம் பாதியில் வந்த வண்டி, இருவர் உட்காரலாம். டூ-ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், 720 சிசிக்குப் பக்கம். பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் இரண்டு, மிக்குனி கம்பெனி, சிலிண்டருக்கு ஒன்று. ஆயில் தனி டேங்கிலிருந்து பம்ப் வழியாகப் போகும், பெட்ரோலில் கலக்க வேண்டியதில்லை. கோவாவிலிருந்து லாரியில் வந்து இறங்கியது. வண்டி 1,35,000 ரூபாய், லாரி வாடகை 11,000.

அவுட்போர்டு தெரிந்தவனுக்கு இது பெரிய விஷயமில்லை என்று நினைத்தேன். எஞ்சினைப் பொறுத்தவரை அது சரிதான். பெட்ரோல் பாதையில்தான் ஏமாந்தேன். படகில் டேங்க் வெளியே கண்முன்னால் இருக்கும். இரண்டு மீட்டர் ஓஸ் (ரப்பர் குழாய்), நடுவில் கையால் அமுக்குகிற பல்ப், அவ்வளவுதான். ஓஸ் வெடித்தால் படகுக்காரரே பார்த்துச் சொல்லிவிடுவார். ஜெட் ஸ்கியில் டேங்க், ஓஸ், வால்வு, வடிகட்டி எல்லாம் கூட்டுக்குள் இருட்டில் கிடக்கின்றன. வண்டி வந்த நாளில் நான் பார்த்தது பேட்டரி, ப்ளக், தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர், சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தமான கம்ப்ரெஷன். முன் சிலிண்டர் 148 பிஎஸ்ஐ, பின் சிலிண்டர் 146. அதைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. ஓஸைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மார்ச் மாதம் முதல் கோளாறு. ஐடிலில், அதாவது வேகம் கொடுக்காமல் வைத்தால், நன்றாக நிற்கும். பாதி திராட்டில் வரை போகும். அதற்கு மேல் கொடுத்தால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் அமுங்கும். ப்ளக் மாற்றினேன். ஒரு நாள் நன்றாக இருந்தது, மறுநாள் அதே கதை. பிறகு கார்புரேட்டர் ஸ்பிரே ஒரு டப்பா வாங்கி, கழற்றாமலே கார்புரேட்டரின் வாய் வழியாக அடித்தேன். அதுவும் தப்பு. இந்த வகைக் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் பம்பே இருக்கிறது. டயாபிரம் என்கிற மெல்லிய சவ்வும் தாள்போன்ற சின்ன வால்வுகளும்தான் அந்தப் பம்ப். ஸ்பிரேயின் காரம் பட்டால் அவை சுருளும், விறைக்கும். அடைப்பும் போகவில்லை, பம்பும் பலவீனமானது.

அப்போதுதான் மச்சான் ஒன்று கண்டுபிடித்தார். சோக்கைப் பாதி இழுத்து வைத்தால் வண்டி நன்றாகப் பறக்கிறது!

"மச்சான், இப்படியே ஓட்டிக்கலாமே?" என்றார்.

நானும் சரி என்றேன். சோக் என்பது காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுவது. அதைப் போட்டால் வேகம் கூடுகிறது என்றால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். படகுக்காரர் யாராவது என்னிடம் வந்து இதைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே எஞ்சினை நிறுத்தச் சொல்லியிருப்பேன். சொந்த வண்டியில் இரண்டு மாதம் அப்படி ஓட்டினோம்.

மே மாதக் கடைசியில் ஒரு மாலை, நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது சத்தம் மாறியது. கீச்சென்று ஒரு இழுப்பு, அப்படியே நின்றது. கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வந்து கம்ப்ரெஷன் பார்த்தேன். முன் சிலிண்டர் 145, பின் சிலிண்டர் 92.

பிளாக்கைக் கழற்றிக் காசிமேட்டில் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அண்ணனிடம் கொண்டுபோனேன். ஆயில் பம்ப்தான் ஏமாற்றிவிட்டது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். அவர் பிஸ்டனை வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, இது ஆயில் இல்லாம ஜாமான பிஸ்டன் இல்ல. பெட்ரோல் பத்தாம வெந்த பிஸ்டன். பாரு, கீறல் முழுக்க சைலன்சர் பக்கமே இருக்கு. ஆயில் இல்லன்னா சுத்திவர இழுத்திருக்கும். போய் கார்ப்பெட்டரைப் பிரி."

பிரித்தேன். முன் கார்புரேட்டர் பரவாயில்லை. பின்னதில் பம்ப் பக்கத்து மூடியைக் கழற்றி உள்ளே போனால், விரல் நகம் அளவுக்கு ஒரு வலை இருக்கிறது. எஞ்சினுக்குப் போகும் ஒவ்வொரு சொட்டுப் பெட்ரோலும் அந்த நகத்தளவு வலையைக் கடந்துதான் போக வேண்டும். என் வலையில் முக்கால் பங்கு பச்சையாக இருந்தது. முதலில் பாசி என்று நினைத்தேன். குண்டூசியால் தொட்டால் நூல் இழுத்தது. பலாப்பழப் பிசின் மாதிரி, கொஞ்சம் வெளிர் பச்சை. மண்ணெண்ணெயில் கரையவில்லை. தின்னரில்தான் மெல்ல இளகியது.

டேங்கில் பிசின் இல்லை. அப்படியென்றால் எங்கிருந்து வந்தது? டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரைக்கும் ஓஸை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். வண்டியோடு வந்த சாம்பல் நிற ஓஸ். வெளியில் பார்த்தால் மழமழவென்று நன்றாகவே இருந்தது. பிளேடால் நீளவாக்கில் பிளந்தேன். உள்சுவர் முழுக்க அதே பச்சை, விரலில் ஒட்டியது. ஓஸ் தானாகக் கரைந்து, பெட்ரோலோடு போய் வலையில் படிந்திருக்கிறது. அந்தக் காலத்து ஜெட் ஸ்கிகள் பலவற்றில் இந்த மாதிரிச் சாம்பல் ஓஸ் போட்டிருந்தார்கள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் சீட்டைத் தூக்கியதும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து இது பழுது மாதிரியே தெரியாது. அதுதான் ஆபத்து.

டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் அடைப்பு என்றால் வண்டி ஓடாது, அவ்வளவுதானே என்று பலர் நினைக்கிறார்கள். முழுதாக அடைத்தால் நல்லது, எஞ்சின் நின்றுவிடும், தப்பிக்கும். பாதி அடைத்தால்தான் கொலை. காற்று அதே அளவு வரும், பெட்ரோல் குறையும், சூடு ஏறிக்கொண்டே போகும். வேகமாகப் போகும்போதுதான் பெட்ரோல் அதிகம் வேண்டும், அப்போதுதான் பிஸ்டன் வேகும்.

ஓவர்ஹாலுக்கு ஆனது 41,300 ரூபாய். இரண்டு சிலிண்டரும் 0.25 மிமீ போர் ஏற்றி (குடைந்து அகலமாக்கி), ஓவர்சைஸ் பிஸ்டன் இரண்டு, ரிங், கேஸ்கெட், கார்புரேட்டர் கிட் (உதிரிபாகத் தொகுப்பு) இரண்டு. கிட் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன், 23 நாள் ஆனது. அதற்கு முன்னால் ஆன்லைனில் 700 ரூபாய்க்கு ஒரு கிட் வாங்கிப் பார்த்திருந்தேன். அதன் டயாபிரத்தைக் கையில் எடுத்தாலே தெரிந்தது, எக்ஸ்ரே ஃபிலிம் மாதிரி விறைப்பு. அதை வண்டியில் போடவே இல்லை.

கார்புரேட்டருக்குள் பெட்ரோலைத் திறந்து விடும் ஊசி வால்வைச் சோதிக்க ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன். இரத்த அழுத்தம் பார்க்கிற கருவியின் ரப்பர் பல்ப், 60 பிஎஸ்ஐ மீட்டர், ஒரு டி-இணைப்பு. மொத்தம் 620 ரூபாய். பெட்ரோல் வரும் மூக்கில் மாட்டி மெல்ல அமுக்கினால், எந்த அழுத்தத்தில் ஊசி திறக்கிறது என்று தெரியும். பழைய ஊசி 10 பிஎஸ்ஐயிலேயே கசிந்தது. புதியது 32ல் டப்பென்று திறந்தது. கையேட்டில் சொன்ன எல்லைக்குள்தான். ஊசியை இயக்கும் சின்ன லிவரின் உயரத்தை அதன் குழியின் தரையோடு சமமாக, ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை வைத்துச் சரிபார்த்தேன். மிஞ்சிய பெட்ரோலை டேங்குக்குத் திருப்புகிற ரிட்டர்ன் ஓஸ் மாட்டும் மூக்கில் ஒரு ஊசித்துளை இருக்கிறது. அதைக் கம்பியால் குத்திப் பெரிதாக்கிவிடக் கூடாது. மின்வயரிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை உருவி அதால் துடைத்தேன்.

இத்தனை கவனமாகச் செய்தவன் ஓஸில் கோட்டை விட்டேன். கிட்டுக்கு வெளிநாடு வரை போனவன், ஓஸுக்குத் தெருமுனை டூவீலர் ஸ்பேர்ஸ் கடைக்குப் போனேன். கறுப்பு ரப்பர் ஓஸ், மீட்டர் 60 ரூபாய். "பெட்ரோல் ஓஸ்தான், நம்பி எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். ஏழு மீட்டர் வாங்கினேன், 420 ரூபாயில் வேலை முடிந்தது.

இன்னொரு தப்பும் அன்றே நடந்தது. டேங்கின் தலையில் நான்கு மூக்குகள்: ஆன், ரிசர்வ், ரிட்டர்ன், காற்றுக்குழாய். கழற்றும்போது அடையாளம் வைக்காததால் ஆனும் ரிசர்வும் இடம் மாறிவிட்டன. ஆன் குழாய் டேங்கின் அடியைத் தொடாமல் கொஞ்சம் உயரத்தில் நிற்கும், ரிசர்வ் குழாய் அடிவரை போகும். மாற்றி மாட்டியதால், ஆனில் வைத்தே கடைசிச் சொட்டு வரை தீர்த்துவிட்டு, ரிசர்வுக்குத் திருப்பினால் ஒன்றுமில்லை. அலையில்லாத கழிமுகமாக இருந்ததால் கையால் துழாவி வந்து சேர்ந்தோம். இப்போது கழற்றுவதற்கு முன்னாலேயே நான்கு நிற இன்சுலேஷன் டேப், ஓஸில் ஒரு சுற்று, மூக்கில் ஒரு சுற்று.

ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை வண்டி அருமையாக ஓடியது. வடகிழக்குப் பருவமழை வந்ததும் கொட்டகைக்குள் ஏற்றித் தார்ப்பாய் போட்டேன். டேங்கில் 22 லிட்டர் மிச்சம் இருந்தது. விட்டுவிட்டேன். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. அந்த நாட்களில் இங்கே மழை விடவேயில்லை. தார்ப்பாயின் நடுவில் குளம் மாதிரித் தண்ணீர் தேங்கி, வண்டியின் மூக்குமேல், பெட்ரோல் மூடி இருக்கும் இடத்தில் ஒழுகியிருக்கிறது. அது ஜனவரியில்தான் எனக்குத் தெரிந்தது.

2025 ஜனவரியில் ஸ்டார்ட் ஆகவில்லை. இந்தத் தடவை சோக் விளையாட்டு எதுவும் வேண்டாம் என்று முதலில் வடிகட்டிக் கிண்ணத்தைக் கழற்றினேன். கிண்ணம் முழுக்கக் கலங்கிய நீர். விரலை விட்டுத் தேய்த்தால் கறுப்புக் கறை. டேங்கிலிருந்து எல்லாவற்றையும் கைப்பம்பால் வெள்ளைக் கேனுக்கு இறைத்து, ஒரு இரவு அசையாமல் வைத்தேன். காலையில் கேனை வெயிலுக்கு எதிராக வைத்துப் பார்த்தபோது, அடியிலிருந்து மூன்று விரல் உயரத்தில் தெளிவான கோடு. மேலே பெட்ரோல், கீழே வேறொன்று.

மூன்று விரல் என்றால் அந்தக் கேனில் மூன்று லிட்டருக்குப் பக்கம். அத்தனை மழைநீர் மூடி வழியாகப் போயிருக்க முடியுமா என்று குழம்பினேன். பிறகுதான் பிடிபட்டது. போனது கொஞ்சம் தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் பெட்ரோலில் கலந்திருந்த எத்தனால் என்கிற ஆல்கஹாலையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. 2023 பிப்ரவரியில் சில பெட்ரோல் பங்குகளில் தொடங்கிய 20 சதவீத எத்தனால் பெட்ரோல், இப்போது நாம் போகிற எல்லா பங்கிலும் வந்துவிட்டது. எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் அவ்வளவு ஆசை. ஓரளவு வரை தண்ணீரைத் தனக்குள் வைத்துக்கொண்டு பெட்ரோலோடு இருக்கும். அளவு மிஞ்சினால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய்விடும். எஞ்சினுக்கான குழாய் உறிஞ்சுவதோ டேங்கின் அடிப்பக்கத்திலிருந்து. ஆக, எஞ்சின் முதலில் குடிப்பது இந்தக் கலவையைத்தான்.

கண்ணால் பார்க்காமல் நம்பக் கூடாது என்று, பாரிமுனையில் ஆய்வகச் சாமான் கடையில் 100 மிலி அளவுக் கண்ணாடிக் குழாய் ஒன்று வாங்கினேன், 180 ரூபாய். அதில் 10 மிலி தண்ணீர், மேலே 90 மிலி பங்கில் அன்றைக்கு வாங்கிய பெட்ரோல். வாயை மூடி நன்றாகக் குலுக்கி, பத்து நிமிடம் வைத்தேன். 10ல் இருந்த நீர்க்கோடு 27க்கு ஏறியிருந்தது. அந்த 17 மிலி எத்தனால். ஒரு பங்கில் 100 ஆக்டேன் பெட்ரோல், லிட்டர் 160 ரூபாய்க்கு மேல், அதையும் வாங்கி அதே மாதிரி குலுக்கினேன். கோடு 10லேயே நின்றது. இந்தச் சோதனையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். குலுக்கும்போது ஆவி அழுத்தம் சேரும். மூடியை அவ்வப்போது மெல்லத் திறந்து விட வேண்டும், திறந்த வெளியில், பீடி சிகரெட் எதுவும் பக்கத்தில் இல்லாமல்.

கறுப்புக் கறை எங்கிருந்து என்று தெரிந்துகொள்ள ஜாம் பாட்டில் மூன்று எடுத்தேன். ஒன்றில் பழைய சாம்பல் ஓஸ் துண்டு, ஒன்றில் என் 60 ரூபாய்க் கறுப்பு ஓஸின் புதுத்துண்டு, மூன்றாவதில் பக்கவாட்டில் எஸ்ஏஇ ஜே30ஆர்9 என்று பெட்ரோல் ஓஸ் தரக்குறி அச்சடித்த ஓஸ். ஒவ்வொன்றும் 5 செமீ. மூன்றிலும் ஒரே பங்கின் பெட்ரோல், மூடி இறுக்கி, நிழலில் 30 நாள். வெர்னியரால் முன்னும் பின்னும் அளந்தேன். கறுப்பு ஓஸின் வெளிவிட்டம் 12.0 மிமீயிலிருந்து 13.2க்கு வீங்கியிருந்தது. வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்தால் கண்மை மாதிரி வந்தது. சாம்பல் ஓஸ் பாட்டிலின் அடியில் பச்சையாக ஒரு படலம். மூன்றாவது 12.6 மிமீயில் தொடங்கி 12.7ல் நின்றது. துணியில் ஒன்றும் ஒட்டவில்லை. நான் போட்ட ஓஸும் பெட்ரோல் ஓஸ்தான், ஆனால் இன்றைய பெட்ரோலுக்கான ஓஸ் இல்லை. பழைய ஓஸ் இருபது சொச்சம் வருடத்தில் செய்ததை, புது ஓஸ் ஐந்தே மாதத்தில் செய்யத் தொடங்கியிருந்தது.

இந்தத் தடவை கார்புரேட்டர்களைப் பிரித்தபோது வலைகளில் கறுப்புத் தூள் கால் பங்குதான் இருந்தது. பிஸ்டன் தப்பியது. ஆனால் குழிகளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. தண்ணீர் கலந்த எத்தனால் அலுமினியத்தை அரித்த அடையாளம். மென்மையான பல்தேய்க்கும் பிரஷால் தேய்த்து, காற்று அடித்து, பெட்ரோலை அளந்து விடும் ஒவ்வொரு ஜெட்டையும் வெளிச்சத்துக்கு நேராக வைத்துத் துளை வட்டமாகத் தெரிகிறதா என்று பார்த்தேன்.

பிப்ரவரியில் முழுப் பாதையையும் புதிதாகக் கட்டினேன். உள்விட்டம் 6 மிமீ ஓஸ் ஆறு மீட்டர், 8 மிமீ ஒரு மீட்டர், மீட்டர் 520 வீதம் 3,640 ரூபாய். கிளிப் 22. திருகுகிற ஜுபிலி கிளிப்பில் பட்டை முழுக்க வெட்டு வெட்டாக இருக்கும். இறுக்கினால் ரப்பரை அரிந்துவிடும். வெட்டு இல்லாத, விளிம்பு மடித்த இஞ்செக்ஷன் கிளிப் வாங்கினேன், ஒன்று 38. டேங்கின் தலையைக் கழற்றி உறிஞ்சுகுழாயின் நுனியில் இருந்த வலைகளைச் சுத்தம் செய்தேன். ஆன்-ரிசர்வ் வால்வுக்குள் பழைய பச்சை கெட்டியாக ஒளிந்திருந்தது. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கார்புரேட்டரைக் கழுவி, ஓஸை மாற்றி, வால்வை விட்டால் அதிலிருந்து உரிந்து மறுபடி வலைக்குத்தான் போகும். வால்வை மாற்றினேன், 2,900. மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது, மழை இறங்கிய இடம் அதுதான். 160 ரூபாய் வளையம்.

அதன் பிறகு காற்றுச் சோதனை. இந்த வண்டியில் பம்ப் கார்புரேட்டரில் இருப்பதால், அதுவரைக்கும் வருகிற ஓஸ் எல்லாம் உறிஞ்சுகிற பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, பிஸ்டன் மட்டும் வேகும். டேங்க் ஏறத்தாழக் காலி. காற்றுக்குழாய் வழியாக சைக்கிள் பம்பால் 5 பிஎஸ்ஐ ஏற்றிப் பத்து நிமிடம் நிற்கிறதா என்று பார்த்தேன். முதல் தடவை மூன்று நிமிடத்தில் 2க்கு இறங்கியது. சோப்புத் தண்ணீர் தடவினால் வடிகட்டிக் கிண்ணத்தின் கழுத்தில் நுரை பூத்தது. ஓ-ரிங் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கழற்றி, துளி கிரீஸ் தடவி, மறுபடி மாட்டினேன். பத்து நிமிடமும் முள் அசையவில்லை.

நடுவில் ஒரு யோசனை வந்தது, கார் கடையில் கிடைக்கிற காகித வடிகட்டி ஒன்றைக் கூடுதலாகப் பாதையில் சொருகலாமா என்று. ஒரு நாள் போட்டும் பார்த்தேன். முழு வேகத்தில் லேசாக இழுத்தது. டயாபிரம் பம்பால் அவ்வளவு தடையைத் தாண்டி உறிஞ்ச முடியவில்லை. அன்றே எடுத்துவிட்டேன். வடிகட்டுவதை டேங்குக்கு வெளியே செய்துகொள்வது நல்லது.

இப்போது பழக்கம் இதுதான். ஓட்டுகிற நாளில் தேவையான பெட்ரோல் மட்டும், 12 லிட்டரோ 15 லிட்டரோ. பங்கில் டேங்கர் இறக்கிக்கொண்டிருந்தால் அன்று அங்கே வாங்குவதில்லை, அடிவண்டல் கலங்கியிருக்கும். எங்கள் ஊரில் வேட்டித்துணியை நாலாக மடித்து வடிகட்டுவார்கள். பெரிய எஞ்சினுக்கு அது ஓடிவிடும், இந்த நகத்தளவு வலைக்குத் துணியின் பிசிறே போதும் அடைக்க. அதனால் எவர்சில்வர் வலை வைத்த புனல், 350 ரூபாய். சீட்டைத் திறந்து ஐந்து நிமிடம் ஆவி போக விட்டு, கிண்ணத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவும்போது, முதலில் எஞ்சின், பிறகு தண்ணீர் திறப்பது. நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு எஞ்சின். மாற்றிச் செய்தால் சைலன்சர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்கு ஏறும். வாரம் ஒரு தடவை ப்ளக்கைக் கழற்றி நிறம் பார்க்கிறேன். டீத்தூள் நிறம் இருந்தால் நிம்மதி. வெளுத்தால் வண்டி கரையேறும்.

2025 அக்டோபரில் கொட்டகைக்கு ஏற்றும் முன் டேங்கை முழுக்க இறைத்தேன். இதில் ஒரு சிக்கல் உண்டு. கார்புரேட்டரை முழுதாகக் காய விட்டால் டயாபிரம் விறைக்கும். எத்தனால் பெட்ரோலில் ஊற விட்டால் அலுமினியம் அரிக்கும். நான் செய்தது: காலி டேங்கில் 100 ஆக்டேன் பெட்ரோல் இரண்டு லிட்டர் ஊற்றி, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, கழுவும் தண்ணீரைத் திறந்து ஐந்து நிமிடம் ஐடிலில் ஓட்டினேன். கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் போய் எத்தனால் இல்லாதது நிறைந்தது. பிறகு டேங்கில் மிச்சத்தையும் இறைத்து, வால்வை மூடி, இரண்டு ப்ளக் துளையிலும் டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஐந்தைந்து மிலி விட்டுக் கையால் சுற்றி வைத்தேன். செலவு 340 ரூபாய் சொச்சம். தார்ப்பாயை நடுவில் ஒரு மூங்கில் கொடுத்துக் கூரை மாதிரிச் சரிவாகக் கட்டினேன். டிசம்பர் தொடக்கத்தில் டிட்வா புயலின் மழை கொட்டியபோது போய்ப் பார்த்தேன், மூடியைச் சுற்றி ஈரம் இல்லை.

மறுபடி ஒரு பழைய வண்டி வாங்கினால், கம்ப்ரெஷன் பார்ப்பதற்கு முன்னால் ஓஸில் இரண்டு அங்குலம் வெட்டிப் பிளந்து பார்ப்பேன். வாங்கிய வாரமே ஓஸ், வால்வு, மூடி வளையம், கார்புரேட்டர் கிட் எல்லாம் ஒரே மூச்சில் மாற்றுவேன். ஓஸும் கிளிப்பும் வால்வும் வளையமும் சேர்த்து 7,536 ரூபாய் ஆனது. அதை முதல் மாதமே செய்திருந்தால் அந்த 41,300ல் பெரும்பகுதி மிச்சம், அந்த நல்ல பிஸ்டன்களும் மிச்சம்.

மூன்றாவது ஜாம் பாட்டில் இன்னும் பட்டறை அலமாரியில் இருக்கிறது. மாதம் ஒரு தடவை பெட்ரோலை மாற்றிவிட்டு அளந்து, ஸ்கெட்ச் பேனாவால் பாட்டிலிலேயே எழுதுகிறேன். நேற்று அளந்தது 12.8 மிமீ. பக்கத்தில் நேற்று நான்காவது பாட்டில் ஒன்றும் வைத்தேன், படகுக்காரர்கள் அவுட்போர்டுக்கு வாங்கும் பல்ப் ஓஸின் துண்டு. அதில் 14.0 என்று எழுதி, தேதி போட்டிருக்கிறேன்.